நல்லமுத்து சுட்ட ரொட்டி

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வெட்டிய நல்லமுத்துவுக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. ரொட்டிக்காரன். கத்தியை எடுத்தால் தேயிலை மரத்தை ஒரே வீச்சில் மட்டமாக்குகிற கை அவனுடையது. அதை வைத்து ஒரு பெயர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆண்பிள்ளை ஒருவன் அடுப்படியில் குந்தி மா பிசைவதைக் கண்டுவிட்டால் லயத்துச் சனத்துக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை வேண்டியதில்லை.

அவன் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட வேலை அல்ல அது. கவ்வாத்துக்காரர்களுக்கு அன்றன்றைய மரங்களை வெட்டி முடித்தால் மத்தியானத்தோடு வேலை சரி. கொழுந்து எடுக்கிற பெண்கள் பொழுது சாயும்வரை மலையில்தான். அவன் மனைவி காளியாயியும் அவர்களில் ஒருத்தி. நடுவில் உள்ள நேரத்தில் மகள் பூரணிக்கு யாராவது சாப்பாடு கொடுக்க வேண்டுமே. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் அவளை வைத்துக்கொள்ள முடியவில்லை.

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மீனம்மா நல்ல மனுசிதான். ஆனால் வாய் திறக்காத பிள்ளை என்றால் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. நீட்டிய காலில் பிள்ளையைக் கிடத்தி, மூக்கைப் பிடித்து, சங்கால் பாலை ஊற்றி விடுவாள். நம் தாய்மார் காலங்காலமாகச் செய்து வருவதுதான். மற்றப் பிள்ளைகள் கத்திவிட்டு, விழுங்கிவிட்டு, அடுத்த நிமிடம் அவள் மடியிலேயே விளையாடும். பூரணி மறக்கவில்லை. முதலில் பால் போயிற்று. பிறகு சோறு, பருப்பு, கீரை என்று ஒவ்வொன்றாகப் போயின. சங்கு இல்லாவிட்டாலும் அவள் அப்படித்தான் ஆகியிருப்பாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. கடைசியில் மிஞ்சியது அப்பன் சுட்ட ரொட்டியும் சாயத் தேத்தண்ணியும்.

ரொட்டியிலும் ஆயிரம் சட்டம். மெல்லிசாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கருகல் புள்ளி விழுந்திருக்க வேண்டும். முழுசாகத் தட்டில் வர வேண்டும். வழியில் கொஞ்சம் பிய்ந்துவிட்டால் அன்றைக்கு அது ரொட்டியே இல்லை. காளியாயி அதே மாவில் அதே அடுப்பில் சுட்டுக் கொடுத்தால் பூரணி முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவாள். தேத்தண்ணி அவளுடைய தகரப் பேணியில்தான் வர வேண்டும். மலையில் எல்லாரும் குடிப்பதுபோலச் சீனியைத் தனியாக உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பாள். அந்த உள்ளங்கை அவளுடையதல்ல, அப்பனுடையது.

நான்கு வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். நுனிக்காலில் நடந்து, லயத்து வாசலில் தண்ணீர் ஓடும் கானின் ஓரமாகவே போய் வருவாள். பேணி மூடி ஒன்று கையில் கிடைத்தால் அதைச் சுழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். தூக்கினால் உடம்பை முறுக்கிக்கொண்டு நழுவிவிடுவாள். இரண்டு தீபாவளிக்கு முன்னால் தைத்த சட்டை இன்னும் அளவாகவே இருந்தது. இன்றைக்கு ஆட்டிசம் என்று இதற்கொரு பெயர் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்த மலையில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. வாயில் வந்த பெயரையெல்லாம் சொன்னார்கள்.

ஐம்பத்தாறாம் வருசம் காளியாயிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. அந்த மழைக்காலத்தில் பூரணி நடப்பதை நிறுத்திவிட்டாள்.

முதலில் சோம்பல் என்று நினைத்தார்கள். பிறகு நிற்கவே மறுத்தாள். இரண்டு முழங்காலையும் மடக்கிப் பக்கவாட்டில் விரித்தபடி படுத்தே கிடந்தாள். காலைத் தொட்டால் வீறிட்டாள். பேசாத பிள்ளைக்கு வலிக்கிறது என்று சொல்ல அது ஒன்றுதான் வழி.

ஆலோசனைக்கு மட்டும் எந்த லயத்திலும் பஞ்சம் வந்ததில்லை. தம்பி பிறந்ததால் வந்த சவலை என்றார்கள் பாதிப்பேர். "மூத்தது எழுந்து நிக்கிறதுக்குள்ள அடுத்ததுக்கு என்னா அவசரம்" என்று காளியாயியின் காதில் விழும்படியே பேசினார்கள். அவள் கேட்டுக்கொண்டு கூடையை மாட்டிக்கொண்டு போனாள். மீதிப்பேர், ஆற்றங்கரை முனி அடித்திருக்கிறது என்றார்கள். நல்லமுத்து கோடாங்கியை அழைத்து வந்தான். கோடாங்கி உடுக்கை அடித்து, எலுமிச்சம்பழத்தைப் பிள்ளையின் தலையைச் சுற்றி அறுத்து, குங்குமம் தடவி, முச்சந்தியில் போட்டு மிதிக்கச் சொன்னான். ஒரு வெள்ளிக்கிழமை அல்ல, பல வெள்ளிக்கிழமைகள். நல்லமுத்து ஒவ்வொரு பழமாக மிதித்து நசுக்கிவிட்டு, சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தான்.

பிறகு ஒரு நாள் பூரணியின் வாயில் ரத்தம் கண்டான். அவள் கடித்து வைத்த ரொட்டியில் சிவப்பாக இருந்தது. அவளைச் சாக்கில் சுற்றி, அலறலோடு தூக்கிக்கொண்டு, தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஓடினான்.

அங்கே இருந்தவர் இராசரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். தோட்டத்துச் சனம் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடும். அவர் பிள்ளையின் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு ஊதி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"இவள் என்ன சாப்பிடுறவள்?"

"ரொட்டிங்க ஐயா."

"ரொட்டியோட?"

"தேத்தண்ணிங்க."

"வேற? மரக்கறி, பழம், பால்?"

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான். எத்தனை காலமாக என்று அவர் கேட்டார். இரண்டு வருசத்துக்கு மேல் என்றான். திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மாதக்கணக்காக் கப்பலில் கிடக்கிற ஆக்களுக்கு வாற வருத்தம் இது. பழமும் இல்லை, இலைகுழையும் இல்லை எண்டால் வரும். புத்தகத்திலதான் படிச்சனான். இந்த மலையில பாப்பன் எண்டு நினைக்கேல்லை. எலுமிச்சம்புளி உள்ளுக்குப் போனால் கால் நேராகும். போகாட்டில் உயிருக்கே மோசம்."

"எலுமிச்சம்பழமா ஐயா?"

"ஓம். ஏன், கிடைக்காதோ?"

நல்லமுத்துவுக்கு முச்சந்தியில் மிதித்த பழங்கள் கண்முன்னால் வந்தன. அந்த வீட்டில் எலுமிச்சம்பழம் சாமிக்கும் பேய்க்கும் மட்டும்தான் வாங்கப்பட்டது. மனுசர் தின்கிற பொருளாக யாரும் அதை நினைத்ததில்லை. அதுவும் அந்தக் குளிரில் பிள்ளைக்குப் புளிப்புக் கொடுத்தால் சளி கட்டும் என்பது ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்த சங்கதி.

இராசரத்தினம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். குணம் தெரியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டும். அங்கே தாய் தகப்பன் கூட இருக்க முடியாது. சாயங்காலம் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். அதைக் கேட்டதும் நல்லமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் யார் ரொட்டி சுடுவார்கள்? சுட்டாலும் யார் ஒரு பக்கம் மட்டும் கருக விடுவார்கள்? அங்கே போனால் பூரணி ஒன்றும் தின்ன மாட்டாள். வருத்தம் விட்டுவைத்ததைப் பட்டினி கொண்டுபோய்விடும். இது அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

ஆகவே ரொட்டிக்காரன் தனக்குத் தெரிந்த வழியிலேயே போனான். ஹட்டனுக்குப் போய்ப் பழம் வாங்கி வந்து, சாற்றைப் பிழிந்து மாவில் விட்டுப் பிசைந்தான். முதல் நாள் சில துளி. மறுநாள் கொஞ்சம் கூட. பூரணி முகர்ந்தாள், நக்கினாள், தின்றுவிட்டாள். நல்லமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. கவ்வாத்து மலையில் அன்று அவன் பாடிக்கொண்டே வெட்டியதைப் பார்த்து, ரொட்டிக்காரனுக்கு என்ன பிடித்துவிட்டது என்று கேட்டார்கள்.

நாட்கள் போயின. ரத்தம் நிற்கவில்லை. கால் நேராகவில்லை. அலறல் கூடியதே தவிரக் குறையவில்லை.

இராசரத்தினம் ஒரு நாள் தாமே லயத்துக்கு வந்தார். இஸ்தோப்பில், அந்த ஒடுக்கமான முன்பக்கத்தில், சாக்கின்மேல் கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"புளி குடுத்தனியோ?"

"தவறாமக் குடுத்தேங்க ஐயா. மாவுல பிசைஞ்சு, அவளுக்கே தெரியாம..."

"அடுப்பில சுட்டோ?"

"ஆமாங்க."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சூடு பட்டால் அந்தச் சத்துப் போயிடும். பச்சையாக் குடுக்க வேணும். நான்தான் சொல்லாமல் விட்டிட்டன்."

குற்றம் நல்லமுத்துவின்மேல் ஏற்றப்படவில்லை. ஆனால் அத்தனை நாளும் வீணாய்ப் போயிருந்தன. ஒரு வாரம் பார்க்கலாம், அதற்குமேல் தன்னால் பொறுப்பேற்க முடியாது, லொறியில் அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பச்சையாகக் கொடுப்பதென்றால் ரொட்டி போக மிஞ்சுவது தேத்தண்ணி. அதை ஆறவைத்து எலுமிச்சை பிழிந்தான். அடுப்படியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அவசரத்தில் இது மறந்துபோகும்: சாயத் தண்ணியில் புளி பட்டால் நிறம் வெளுத்துவிடும். பூரணி பேணிக்குள் பார்த்தாள். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டியது மஞ்சளாக இருந்தது. பேணியைத் தள்ளிவிட்டாள். அடுத்த தடவை அவன் ஒன்றும் கலக்காத தேத்தண்ணியைக் கொண்டுவந்தபோதும் தள்ளிவிட்டாள். ரொட்டியும் சீனியும்தான் மிச்சம். சீனியில் கைவைக்க அவனுக்குத் துணிவு வரவில்லை. அதையும் இழந்தால் பிறகு என்ன இருக்கிறது?

காளியாயி அன்று மாலை மலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நேராகச் சொன்னாள்.

"மூக்கப் புடிச்சு ஊத்துவோம்."

"வேணாம் புள்ள. ஏற்கெனவே பட்டது போதாதா?"

"செத்துப் போறதுக்கு இது தேவல. நீங்க கையப் புடிங்க, நான் ஊத்துறேன். அவ என்னய வெறுத்தா வெறுத்துட்டுப் போகட்டும்."

அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது. பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? நல்லமுத்து மகளின் கைகளைப் பிடித்தான். காளியாயி எலுமிச்சம்சாற்றை ஊற்றினாள். புண்ணான ஈறுகளில் புளி பட்டதும் பூரணி துடித்த துடிப்பில் இருவரும் பயந்து கையை விட்டுவிட்டார்கள். சாறு முழுக்கச் சட்டையில்தான் கிடந்தது.

மறுநாள் நல்லமுத்து சுட்ட ரொட்டியைப் பூரணி தொடவில்லை. மெல்லிசாக, ஒரு பக்கம் புள்ளி விழுந்து, முழுசாகத்தான் இருந்தது. அவள் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் அருகில் வந்தால் கைகளை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். பிடித்த கை அவனுடையது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்று சொன்னவர்கள் வந்து அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்கடுத்த நாளும் அப்படியே. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில் அவன் ஆள்போல நின்றானே தவிர ஆளாக இல்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, பழக்க தோசத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தான். பிழிந்த பிறகு எதற்கென்று தெரியவில்லை. சாற்றைக் கானில் ஊற்றினான். கையைக்கூடக் கழுவாமல் தனக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு, உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, இஸ்தோப்பில் மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. இவ்வளவு காலம் தன்னை அவள் பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டவன்.

பின்னால் சாக்கு இழுபடும் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று தோன்றியது. பூரணி கைகளை ஊன்றி, முனகிக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தாள். கால் தரையில் உரசும்போதெல்லாம் அழுதாள், ஆனாலும் வந்தாள். அவன் முழங்கையின் அடியில் தலையை நுழைத்து, உள்ளங்கையில் வாயை வைத்தாள்.

நக்கினாள். முகத்தைச் சுளித்தாள். அவன் கையில் எலுமிச்சையின் ஈரம் இருந்தது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. சீனி அதில் ஊறியிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான். பூரணி மறுபடி குனிந்து நக்கினாள். விரல் இடுக்கில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை.

நல்லமுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தான்.  விக்கினால்கூடக் கை ஆடும் என்று அழுகையையும் அடக்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து பழத்தைத் தன் உள்ளங்கையிலேயே பிழிந்து, அதன்மேல் சீனி போட்டான். காலையில் பெரட்டுக்குப் போகுமுன், மத்தியானம் வந்ததும், மாலையில் என்று ஓயாமல் கொடுத்தான். கத்தி பிடித்த கையில் கீறலுக்கா குறைவு. புளி பட்டு எரிந்தது. எரியட்டும் என்று விட்டான். சீனிக்குப் பிறகு ரொட்டியும் உள்ளே போயிற்று. காளியாயி மட்டும் அருகில் வராமல் கதவோரம் நின்று பார்த்தாள். வாயைத் திறக்கப் பயந்து, கைப்பிள்ளையைக்கூட அழவிடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் முடிவதற்குள் ரொட்டியில் ரத்தம் படுவது நின்றது. காலைத் தொட்டால் சிணுங்கினாளே தவிர அலறவில்லை. இராசரத்தினம் வந்து ஈறுகளைப் பார்த்தார். லொறி வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு சில நாளில் பூரணி சுவரைப் பிடித்து நின்றாள். மாதம் முடிவதற்குள் கானின் ஓரமாக நுனிக்காலில் போக ஆரம்பித்தாள்.

நல்லமுத்துவிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவன் காளியாயியிடம்கூட அதைச் சொன்னதில்லை. உடம்புக்குச் சத்தில்லாமல்தான் பிள்ளை இப்படி ஆனாள், புளி உள்ளே போகப் போகக் காலோடு பேச்சும் வந்துவிடும் என்று அவன் நம்பியிருந்தான். ஒவ்வொரு தடவை உள்ளங்கையை நீட்டும்போதும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது ஈறு ஆறுகிறதா என்று பார்க்க மட்டுமல்ல. அப்பா என்று ஒரு சொல் வரும் என்று பார்த்தான்.

இராசரத்தினம் கடைசியாக வந்த அன்று பிள்ளையின் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, நல்ல சுகம் என்று எழுந்தார். நல்லமுத்து அவர் பின்னாலேயே வாசலுக்குப் போனான்.

"ஐயா, எப்பங்க பேசுவா?"

அவர் நின்றார். கானோரம் போயிருந்த பூரணியைக் கூப்பிட்டுப் பார்த்தார். கையைத் தட்டிப் பார்த்தார். அவள் கானில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லமுத்து, பொய் சொல்லிப்போட்டுப் போக எனக்கு மனம் வரேல்லை. புளி காலுக்குத்தான் மருந்து. இது வேற. இதுக்கு என்ன பேர் எண்டும் எனக்குத் தெரியாது, மருந்தும் தெரியாது."

"அப்ப இவ்வளவுதானுங்களா?"

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

நல்லமுத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒளிந்து அழவில்லை. டாக்டர் ஐயா பார்க்க, பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்க்க, வாய்விட்டு அழுதான். ஆஸ்பத்திரி என்றபோதும், ரொட்டியை அவள் தள்ளியபோதும் அழாதவன். இராசரத்தினத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காளியாயி கதவருகே வந்தாள். பெரிய மனுசர்கள் முன்னால் வாய் திறக்காதவள்.

"போதுங்க ஐயா," என்றாள். "எங்களுக்கு இதுவே போதும்." பிறகு புருசனைப் பார்த்து, "எந்திரிங்க. அவளுக்குப் பசிக்கும்," என்றாள்.

அப்போது பூரணி கானை விட்டுத் திரும்பி வீட்டுக்குள் போனாள். வாசலை மறித்து உட்கார்ந்திருந்த தகப்பனைத் தாண்டித்தான் போக வேண்டும். அழுகிற அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. விழாமல் இருக்க அவன் தோளில் ஒரு கையை ஊன்றி, முதலில் ஒரு காலையும் பிறகு மற்றக் காலையும் தூக்கி வைத்து, தாண்டி உள்ளே நடந்து போனாள்.